விலாவில் கட்டிய துணி

அம்மா இன்று மதியம் என் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அந்துருண்டை நெடி முதலில் வந்தது. அதற்குப் பின்னால், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன பழைய நூல் புடவையின் வாசம். முழுப் புடவை அல்ல, நீளவாக்கில் கிழித்தெடுத்த பாதி. உடலெல்லாம் வெளுத்துவிட்டது. அரக்குக் கரை மட்டும் இன்னும் பிடிவாதமாக அரக்காகவே இருக்கிறது.

"எழுந்து நில்லு. வயித்தைக் கட்டிடறேன். இப்பக் கட்டலைன்னா அப்புறம் தொந்திதான்" என்றாள்.

நின்றேன். அடிவயிற்றில் துணியை வைத்து அவள் இழுக்கப்போனபோது, என் கை தானாகப் போய் அதை மேலே ஏற்றியது, விலா எலும்புகளின் மேல்.

"என்னடி பண்றே? வயிறு கீழே இருக்கு."

"தெரியும்மா. ஒரு நிமிஷம் இங்கே இருக்கட்டும்."

மூச்சை இழுத்தேன். துணி பக்கவாட்டில் இறுகி, முதுகுப் பக்கம் விரிந்தது. அங்கே உன் இரண்டு உள்ளங்கைகளும் இருந்தன.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உனக்கு எழுதவேண்டும், எழுதவேண்டும் என்று தள்ளிப்போட்டு, இவ்வளவு தாமதமாக இப்போதுதான் உட்காருகிறேன். பெரியவள் கவிதா பாயில் தூங்குகிறாள். போன வாரம் பேர் வைத்த சின்னவன் தூளியில். அவன் மூச்சு விடுகிறானா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். சிரிக்காதே. நான் இன்னும் அப்படித்தான். இதை எழுதி முடிப்பதற்குள் இன்னொரு முறையும் எழுந்து போய்ப் பார்ப்பேன்.

இந்தத் துணியை முதல் பிரசவத்துக்காக அம்மா தன் புடவையிலிருந்து கிழித்துக் கொடுத்தாள். வயிறு கட்டத்தான். நீ வந்து அதை ஒரு சாண் மேலே ஏற்றிவிட்டாய். என் வாழ்க்கையில் நடந்த பெரிய விஷயங்களில் அதுவும் ஒன்று என்று சொன்னால் இவர் சிரிப்பார். உனக்குத் தெரியும்.

முதல் பிரசவம் ஆகி, ஐந்தாம் மாதம் கவிதாவோடு கொரட்டூர் வந்து இறங்கிய நாளை உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நம் ஸ்டேஷனில் நடைமேடை தாழ்வு, ரயிலின் படி உயரம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு காலைக் கீழே விட்டேன். முதுகின் அடியில் சுரீரென்று பிடித்துக்கொண்டது. இறங்கவும் முடியவில்லை, காலைத் திரும்ப எடுக்கவும் முடியவில்லை. இவர் பெட்டிகளோடு முன்னால் போய்விட்டார். கார்டு விசில் ஊதியாகிவிட்டது. கீழே கூடையோடு நின்றிருந்த ஒரு அம்மாள், "கொயந்தைய இப்டி குடும்மே, இன்னா மரமாட்டம் நிக்கற!" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். வேறு யாரோ என் தோளைப் பிடித்து இறக்கினார்கள். அவ்வளவுதான், எல்லாரும் போய்விட்டார்கள். ஆனால் அந்த அம்மாள் வாங்குவதற்கு முன்பே என் கை நழுவ ஆரம்பித்திருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நின்றபடி அவளைத் தூக்குவதையே விட்டுவிட்டேன். தரையில் உட்கார்ந்துகொண்டு, யாராவது மடியில் போட்டால் வாங்கிக்கொள்வேன். இவர் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குக் கிளம்பியதும் வீட்டில் நானும் அவளும்தான். அவள் அழுதால் பக்கத்தில் படுத்து அணைத்துக்கொள்வேன். அவளோ இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு, தூக்கு தூக்கு என்று அழுவாள். பெற்ற பிள்ளை கை நீட்டும்போது பார்த்துக்கொண்டு கிடப்பது எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. உனக்குச் சொல்லாமலே புரிந்தது.

நாங்கள் குடிவந்தது உன் அண்ணன் வீட்டின் பின்கட்டுக்கு. இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் தண்டவாளம். நீ அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நாற்று நட்ட வீட்டில் பிறந்து, கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்து, நர்ஸாகி, விமானம் ஏறிப்போய் நியூயார்க் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் என்று உன்னைப் பற்றித் தெருவே பேசிற்று. நானும் கொஞ்சம் பயந்துதான் இருந்தேன். நீ வாயைத் திறந்ததும் பயம் போய்விட்டது. அமெரிக்கா உன் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

யோகாசனத்தில் என் முதுகை நானே சரிசெய்துகொள்ள நினைத்தேன். கல்லூரியில் மூன்று வருஷம் படித்த வித்தை அது. ஆண்டு விழாவில் சக்கராசனம் போட்டு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவள் நான். அந்த டம்ளரில்தான் இவர் இன்றும் காபி குடிக்கிறார். சரி, அதே ஆசனத்தையே போடுவோம், உடம்புக்குப் பழைய ஞாபகம் வரட்டும் என்று ஒரு நாள் காலை, கவிதா தூங்கும்போது, பாயை விரித்து மெல்ல எழும்பினேன்.

"இன்னா காலேஜு, ஏரிக்குப் பாலம் கட்டுறியா?"

நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாய். அன்று வைத்த பேர்தான், கடைசிவரைக்கும் நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. நான் தொப்பென்று கீழே விழுந்தேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அப்டியே மல்லாந்து கெட. தலைய மட்டும் லேசா தூக்கு. வவுத்த பாரு" என்றாய்.

பார்த்தேன். வயிற்றின் நடுவில், தொப்புளுக்கு மேலும் கீழும், கூரை முகடு மாதிரி ஒரு மேடு எழுந்து நின்றது. என் உடம்பில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அலறிவிட்டேன். நீ விரல்களை அந்த மேட்டில் வைத்து அழுத்தினாய். அவை உள்ளே இறங்கின. ஏதோ பிளவுக்குள் இறங்குவது போல.

"பொளந்துக்கல, கத்தாத. கொயந்த வளர எடம் குடுத்து, இந்தப் பக்கத்து சதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கத்து சதை அந்தப் பக்கமும் ஒதுங்கி நின்னுச்சு. இன்னும் ஊட்டுக்குத் திரும்பி வரல. அவ்ளோதான்."

பிறகு என்னைக் கவிழ்த்துப் போட்டு, முதுகெலும்பில் விரலை ஓட்டினாய். அடிமுதுகில் ஒரு இடத்தில் விரல் நின்றது. நான் துடித்தேன்.

"இங்கதான் மடங்குது உன் பாலம். மொத்த முதுகுக்கும் இந்த ஒரு எடந்தான் வேலை செய்யுது. மத்ததெல்லாம் ஹாயா தூங்கிகினு கீது. டம்ளர் குடுத்தவங்க இத்த பாக்கல."

எனக்குக் கோபம் வந்தது. யோகத்தைப் பற்றி நீ என்ன பேசுகிறாய் என்றுகூடக் கேட்டேன்.

"அத்த யாரு கொற சொன்னா? அதுகிட்ட ஒண்ணு கீது. நான் கத்துகினு வந்ததுகிட்ட ஒண்ணு கீது. ரெண்டையும் கேட்டுகினா இன்னா, ஒண்ணுக்கொண்ணு கோச்சிக்குமா?"

அப்போதுதான் பிலாட்டிஸ் என்ற அந்த உடற்பயிற்சி முறையின் பேரை முதல்முதலாகக் கேட்டேன். நியூயார்க்கில் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி உன் முதுகு விட்டுப்போனதாம். மேல்மாடியில் குடியிருந்த ஒரு நடனக்காரி உன்னைக் கையைப் பிடித்து ஒரு கூடத்துக்கு அழைத்துப்போனாளாம். அங்கே ஸ்பிரிங் வைத்த கட்டில்களும், மரச்சட்டங்களும், அவற்றில் படுத்துக் காலை இழுப்பவர்களுமாக இருந்தார்களாம். "மொதல்ல பாத்தப்போ, ஆஸ்பத்திரிக்கே திரும்ப வந்துட்டேனோன்னு நெனச்சேன்" என்பாய். கொரட்டூரில் ஸ்பிரிங் கட்டிலுக்கு எங்கே போவது? சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்த உன் அண்ணனின் சொந்த சைக்கிளிலிருந்து கிழிந்துபோன டியூப் ஒன்று கிடந்தது. அதை வெட்டி என் பாதத்தில் மாட்டி, இரு முனையையும் என் கையில் கொடுத்தாய். கோரைப்பாய், சைக்கிள் டியூப். அதுதான் நம் கூடம்.

ஆனால் டியூபுக்கு வருவதற்கு முன்னால் எத்தனையோ நாள் மூச்சு மட்டும்தான். அதில்தான் நான் செய்த தப்பு. "மூச்ச வுட்டுகினே வவுத்த உள்ள இஸ்து வெச்சிக்க" என்றாய். யோகம் படித்தவளுக்கு அந்த வார்த்தை போதாதா? உட்டியாணம்! மூச்சு முழுவதையும் வெளியே விட்டு, அப்படியே அடைத்து, வயிற்றை முதுகெலும்போடு ஒட்டவைத்துக் கிடந்தேன். கல்லூரியில் அதிலும் நான்தான் முதல். நீ பாராட்டப் போகிறாய் என்று காத்திருந்தேன். கண்ணில் பூச்சி பறந்தது.

"அடியே! மூச்சு வுடுடீ! செத்து கித்து வெச்சிராத, உன் ஊட்டுக்காரருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நீதானே உள்ளே இழுக்கச் சொன்னே?"

"இஸ்துகினே மூச்சு வுடணும், மூச்சும் வாங்கணும். கொயந்தைய தூக்கிகினு ஏரி வரைக்கும் நடக்கறப்போ மூச்ச அடச்சிகினா நடப்ப?"

அது எனக்கு விளங்கவில்லை. வயிற்றை உள்ளே வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினால் அந்த மூச்சு எங்கே போகும்? நான் அறிந்ததெல்லாம் வயிறு உப்பி இறங்கும் மூச்சுதான். நீ சுற்றிலும் பார்த்தாய். கொடியில் இந்தத் துணி காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துவந்து, என் விலாவைச் சுற்றி, மார்புக்குக் கீழே, ஒரு சுற்றுச் சுற்றி முன்பக்கம் இறுக்கினாய். பின்னால் வந்து இரண்டு உள்ளங்கைகளையும் முதுகில், துணியின் மேல் வைத்தாய்.

"இங்க வா."

"எங்கே?"

"இங்க. என் கைக்கு. மூச்ச இங்க அனுப்பு."

எத்தனை முறை முயன்றும் தோள்தான் ஏறிற்று. வயிறுதான் உப்பிற்று. நீ கையை வைத்தபடியே இருந்தாய். பிறகு ஒரு மூச்சு, நான் ஒன்றும் செய்யாமலே, வழி தெரிந்ததுபோல் பின்னால் போயிற்று. துணி இறுகிற்று. உன் இரண்டு கைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. அதை நான் முதுகில் உணர்ந்தேன்.

எனக்கு முதுகு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மூச்சு விடுகிறது! அத்தனை வருஷம் பிராணாயாமம் செய்தும் நான் போகாத ஒரு அறை என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அன்று அழுதேன். நீ "இன்னாத்துக்கு அயுவுற இப்போ?" என்றாய். பயந்து அழுவதுபோலப் பிரமித்துப்போய் அழுவதும் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

உன் அண்ணி வந்து எட்டிப் பார்ப்பாள். படுத்துக்கொண்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மேலும் கீழும் தட்டித் தட்டி மூச்சு விடுவோமே, நூறு என்று அதற்குப் பேர், அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, படுத்துகினு ஈ ஓட்டுறா?" என்றாள். அப்புறம் வந்தபோதெல்லாம் "ஈ ஓட்டியாச்சா?" என்பதே அவள் விசாரிப்பு. நூறில் தலையைத் தூக்க நீ வெகுகாலம் விடவில்லை. எழுந்து உட்காரும் பயிற்சிகளையும் விடவில்லை. வயிற்றில் விரலை வைத்து, "இன்னும் ஊடு வந்து சேரல. நீ அவசரப்பட்டா மட்டும் வந்துருமா?" என்பாய்.

கூட்ஸ் வண்டி ஞாபகமிருக்கிறதா? மதியத்தில் சிக்னலுக்காக நம் வீட்டுப் பக்கம் நின்று கிளம்பும். இன்ஜின் இழுத்ததும் முதல் பெட்டி டக்கென்று நகரும், அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது, டக், டக், டக் என்று அந்தச் சத்தம் அம்பத்தூர்ப் பக்கம் வரை ஓடும். ஒரு நாள் நான் மல்லாந்து படுத்து, காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கப் பழகிக்கொண்டிருந்தேன். மொத்த முதுகும் பலகை மாதிரி ஒரே வீச்சில் எழுந்தது. நீ என் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டினாய்.

"தோ, கேளு. அந்த வண்டி இப்டியா ஒட்டுக்கா கெளம்புது? ஒவ்வொரு பெட்டியா இஸ்துகினு போவுதுல்ல? உன் எலும்பும் பெட்டிதான். மூச்ச வுடு. மொத பெட்டிய மட்டும் தூக்கு."

வண்டி போகப் போக ஒவ்வொரு எலும்பாக எடுத்தேன். இறங்கும்போதும் அப்படியே, கழுத்தடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பாயில் வைத்தேன். நடுவில் ஒரு இடத்தில் இரண்டு மூன்று சேர்ந்து விழுந்தன. "தடம் பொரண்டுச்சி. திரும்ப போ" என்றாய். என்னிடம் இத்தனை பெட்டிகள் இருப்பது எனக்கே தெரியாது. ஒவ்வொன்றும் தன் முறை வந்தபோது கண் விழித்தது. அன்று கவிதாவைக் குளிப்பாட்டும்போது அவளுடைய குட்டி முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனையையும் என் வயிற்றுக்குள்ளா கோத்தேன், எனக்கு ஒன்றுமே தெரியாமல்?

நீ மட்டும் எதையும் செய்துகாட்டியதில்லை. நாற்காலியிலோ படியிலோ உட்கார்ந்து வாயாலும் விரலாலும்தான். ஒரு நாள், "சோம்பேறி! நீயும் பாயில் படுத்துச் செய்யேன்" என்றேன். நீ என் கையை எடுத்து உன் இடது மார்புக்குக் கீழே வைத்தாய். மடியில் படுத்த பூனையின் தொண்டை அதிருமே, அப்படி ஒரு அதிர்வு உள்ளங்கையில் ஓடிற்று.

"சின்ன வயசுல காச்சல் வந்து மூட்டு மூட்டா வீங்கிக் கெடந்தேன். அது போறப்போ இங்க குந்திகினு போச்சு. உள்ள ஒரு கதவு ஒயுங்கா தொறக்கல. நியூயார்க்குலதான் கண்டுபுடிச்சாங்க. அதான் மூட்டை கட்டிகினு வந்துட்டேன். படுத்தா மூச்சு முட்டுது காலேஜு. தலவாணிய அடுக்கி வெச்சி சாஞ்சிகினுதான் தூங்கறேன். தூங்கறேன்னா, கண்ண மூடிகினு கீறேன்."

அதையும் நீ வேறு யாருக்கோ நேர்ந்தது மாதிரிதான் சொன்னாய். ஏதாவது செய்யவேண்டுமே என்ற பதற்றத்தில், "சவாசனம் சொல்லித்தரட்டுமா?" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தப் பேரின் பொருள் உறைத்தது. நீ விழுந்து விழுந்து சிரித்து, சிரிப்பில் மூச்சு வாங்கி, "அத்துக்கு இன்னும் டைம் கீதுடி!" என்றாய்.

இருந்தாலும் கற்றுக்கொண்டாய். உன்னால் மல்லாந்து படுக்க முடியாது, ஆகவே மெத்தையைச் சுருட்டிச் சுவரில் சாத்தி, அதில் உன்னைச் சாய்த்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தேன். பாதத்தை விடு, முழங்காலை விடு, இடுப்பை விடு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். காலெல்லாம் தளர்ந்தது. தோள் மட்டும் காதோரத்தில் நின்றது. என் கையை அதன்மேல் வைத்தேன்.

"விடு."

"வுட்டுட்டேன்."

"விடலை. இங்கே வா. என் கைக்கு வா."

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "எனக்கு எல்லாத்தையும் இஸ்து புடிச்சி நிக்கத்தான் தெரியும். நோயாளிய, வேலைய, இந்த நெஞ்ச. எப்டி வுடறதுன்னு யாரும் சொல்லல." அன்று நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். வெளிமூச்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீளவிட்டாய். தோள் இறங்கியதை நான் பார்க்கவில்லை, உள்ளங்கையில்தான் தெரிந்தது. பிறகு குறட்டைச் சத்தம் கேட்டது. அண்ணி வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "எம்மாம் நாளாச்சி தெரியுமா இது இப்டி தூங்கி?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படித்தான் நம் பொழுது ஓடிற்று. முதலில் என் முறை, பிறகு உன் முறை. உன்னிடம் கற்றதை எடுத்துக்கொண்டு என் பழைய ஆசனங்களுக்குத் திரும்பினேன். சர்வாங்காசனத்திலிருந்து எப்போதும் தடாலென்றுதான் இறங்குவேன், இப்போது பெட்டி பெட்டியாக இறங்கினேன். வயிறு கூடி வந்த பிறகு, நீ சரி என்ற பிறகு, சக்கராசனமும் போட்டேன். கல்லூரி நாளைவிட வளைவு குறைவு. ஆனால் ஒரே இடத்தில் ஒடியாமல், முதுகு முழுவதும் பங்குபோட்டுக்கொண்டு எழுந்த வளைவு. தியானத்துக்கு உட்கார்ந்தால் இடுப்புக் கடுக்காமல் அப்படியே இருந்தது, மூச்சு தன்பாட்டில் பின்முதுகுக்குப் போய்வந்தது. எதிலிருந்து எது வந்தது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நீ பிரிக்கவும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் கவிதாவைத் தூக்க ஆரம்பித்துவிட்டேன். தெருவிலும் தூக்கினேன். ரயில் படி மட்டும் மிஞ்சிற்று. பட்டணத்துக்குப் போனால் ஏறவும் இறங்கவும் அவளை இவரிடமோ உன்னிடமோ கொடுத்துவிடுவேன். நீயும் வற்புறுத்தியதில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சைக் காட்டிவர, அண்ணனுக்கு ஷிப்ட் என்பதால் நான் துணைக்கு வந்தேன், கவிதாவோடு. ஆபரேஷனுக்கு நாள் தருகிறோம் என்றார்கள். திரும்பும்போது நெரிசல். வில்லிவாக்கம் தாண்டும்போது உன் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்தேன். கொரட்டூரில் வண்டி நின்றது. வழக்கம்போல் உன்னிடம் குழந்தையைக் கொடுக்கத் திரும்பினேன். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இரண்டு கையாலும். தலையை மட்டும் அசைத்தாய், முடியாது என்று.

அதே படி. அதே தாழ்ந்த மேடை. கவிதா என் இடது இடுப்பில். காலைக் கீழே விடவேண்டும். என் வயிறும் முதுகும் இறுகி, மூச்சு நின்றுவிட்டது. பின்னாலிருந்து, இரண்டு மூச்சுக்கு நடுவே, உன் குரல் வந்தது.

"மூச்ச... புடிச்சி வெக்காத காலேஜு. வுடு."

விட்டேன். அந்த மூச்சு போகும்போதே வயிற்றுக்குள் ஒன்று தானே கூடி இறுகிற்று. ஊரைவிட்டு ஒதுங்கிப்போனதெல்லாம் வீட்டுக்கு வந்து கையைக் கோத்துக்கொண்டது போல. கால் தரையைத் தொட்டது. குழந்தை என் இடுப்பில் அப்படியே இருந்தாள். திரும்பி, வலது தோளை உனக்குக் கொடுத்தேன். நீ உன் முழுப் பாரத்தையும் அதில் போட்டு இறங்கினாய். ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் நீ. நடுவில் நான் நின்றேன். வேறு யாரோ நிற்பதுபோல இருந்தது. அப்படி நின்ற ஒருத்தியை எனக்கு அதுவரை பழக்கமில்லை.

உன்னைச் சிமெண்டு பெஞ்சில் உட்காரவைத்துச் சாய்த்தேன். நீ பயந்திருந்தாய், அதை அன்றுதான் பார்த்தேன். மூச்சை மேலும் மேலும் இழுக்கப் பார்த்தாய். உன் முதுகில் கையை வைத்து, "விடு. தோளை விடு. என் கைக்கு வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வண்டி போய்விட்டது. மேடை காலியாயிற்று. மெல்ல மெல்ல உன் தோள் இறங்கிற்று, உதட்டுக்கு நிறம் வந்தது. நீ முதலில் சொன்னது என்ன தெரியுமா? மறந்திருக்க மாட்டாய்.

"பாத்தியா. நீயே எறங்கிட்ட."

ஆபரேஷனுக்கு அவர்கள் தந்த நாளுக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் ஒரு விடியற்காலை உன் அண்ணி வந்து கதவைத் தட்டினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவளே உட்கார்ந்து, அவளே சொன்னாள். "மெத்தைய சுருட்டி வெச்சிகினு, நீ சொல்லிக் குடுத்தியே, அதே மாதிரி சாஞ்சிகினு இருந்துச்சி. காபி எடுத்துகினு போனேன். தூங்குதுன்னு நெனச்சி, எயுப்ப மனசு வராம, திரும்பி வந்துட்டேம்மா. தோள பாத்தேன். அப்டியே எறங்கி, நிம்மதியா இருந்துச்சி."

அந்தத் தோளை நினைத்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். இப்போது அதை நினைத்தேதான் எழுதுகிறேன்.

இந்தப் பிரசவத்துக்கு அம்மாவே இங்கு, இதே பின்கட்டுக்கு, வந்துவிட்டாள். தினமும் பயந்துகொண்டேதான் இருக்கிறேன். சின்னவனின் மூச்சு, கவிதாவின் இருமல், பால் போதுமா போதாதா, எல்லாவற்றுக்கும் பயம். பயம் போகவில்லை. பயப்படும்போது மூச்சை அடைத்துக்கொள்வதில்லை, அது ஒன்றுதான் மாறியிருக்கிறது. என் வயிறு இப்போது மறுபடி ஒதுங்கி நிற்கிறது. விரல் வைத்துப் பார்த்தேன். அலறவில்லை. திரும்பி வரும்.

துணியை அம்மா அடிவயிற்றில் கட்டத்தான் கட்டினாள். அவள் சமையலறைக்குப் போனதும் அவிழ்த்து, மேலே சுற்றிக்கொண்டுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கூட்ஸ் வண்டி இப்போதுதான் வந்து சிக்னலுக்கு நின்றது. அந்தச் சத்தத்தில் கவிதா விழித்துக்கொண்டாள். தூக்கக் கலக்கத்தோடு வந்து என் பின்னால் நிற்கிறாள்.

"அம்மா, இன்னா பண்ற?"

"மூச்சு விடறேன்."

நம்பவில்லைபோலும். சரிபார்க்க வேண்டும் என்று, தன் இரண்டு கைகளையும் துணியின் மேல் வைத்தாள். உன் கைகள் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே, அவளுக்கு அவ்வளவுதான் எட்டுகிறது. வெளியே வண்டி கிளம்புகிறது. முதல் பெட்டி, அடுத்தது, அதற்கடுத்தது.

நான் மூச்சை அங்கே அனுப்பினேன். அந்தச் சின்னக் கைகள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகின.

"ஹை!" என்றாள்.